பத்திரத்தில் எழுதிக் கொடுத்த தண்ணீர்

அமெரிக்காவில் ஓரிகன், கலிஃபோர்னியா மாநிலங்களின் எல்லையில் டூலிலேக் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பெயரில் உள்ள ஏரியின் பெரும்பகுதியை வடித்துத்தான் அங்கே வயல்களை உண்டாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஊர் திரும்பிய படைவீரர்களுக்கு அந்த நிலத்தை அரசு குலுக்கல் முறையில் கொடுத்தது. சீட்டுகளை ஓர் ஊறுகாய் ஜாடியில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சீட்டு விழுந்தவர் குடியேறி, பயிர் செய்து, நிபந்தனைகளை முடித்ததும் நிலம் அவர் பெயருக்கு வந்தது. அந்தப் பத்திரத்தில் நிலத்தோடு சேர்த்து இன்னொன்றும் எழுதியிருந்தது: கிளாமத் பாசனத் திட்டத்தின் தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமை, நிலத்தோடு ஒட்டியது.

2001 ஏப்ரல் 6ஆம் தேதி அந்தத் தண்ணீர் இல்லை என்று அரசு அறிவித்தது. கடும் வறட்சி ஆண்டு. அப்பர் கிளாமத் ஏரியில் அழியும் நிலையிலிருந்த இரண்டு மீன் இனங்களுக்கும், கீழே ஆற்றில் கோஹோ சால்மன் மீனுக்கும் நீரை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் திட்டத்தின் பெரும்பகுதிக்கு அந்த ஆண்டு ஒரு சொட்டும் கிடையாது. சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு அது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பார்லி, குதிரைமசால், புதினா விளையும் பூமி. விதைப்புக்கு நிலம் தயாராக இருந்த நேரத்தில் மதகு திறக்கவில்லை.

பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததை அரசு எப்படி நிறுத்தலாம், நிறுத்தினால் நஷ்ட ஈடு கொடுக்க வேண்டாமா என்று விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2001 அக்டோபரில் தொடங்கியது 2020 ஜூனில்தான் முடிந்தது. கிடைத்த பதில் விசித்திரமானது. தண்ணீர் மீது உங்களுக்குச் சொத்துரிமை உண்டு, ஆனால் நீங்கள் இழந்தது எதுவும் இல்லை. இது எப்படிச் சாத்தியம் என்று புரிய, அந்த ஊர்த் தண்ணீர் எத்தனை காகிதங்களைக் கடந்து வயலுக்கு வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் தண்ணீருக்கு ஒரு பழைய விதி உண்டு. ஆற்றிலிருந்து முதலில் எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கியவருக்கே முதல் உரிமை. தலைமடை, கடைமடை என்ற கணக்கு அங்கே செல்லாது. தேதிதான் கணக்கு. 1890இல் தொடங்கியவர் ஆற்றின் கடைசியில் இருந்தாலும், பஞ்ச காலத்தில் அவர் பங்கு முழுதாகக் கிடைத்த பிறகுதான் மேலே இருக்கும் 1910காரர் எடுக்கலாம். சரிசமமாகக் குறைத்துப் பகிர்ந்துகொள்வது என்ற பேச்சே கிடையாது. மூத்த உரிமைக்காரருக்கு முழுசு, கடைசி உரிமைக்காரருக்குப் பூஜ்யம்.

இந்த விதியின் மேல் 1902இல் ஒரு கூட்டரசுச் சட்டம் வந்து உட்கார்ந்தது. வறண்ட மேற்கில் அரசே அணை கட்டி, கால்வாய் வெட்டி, செலவை விவசாயிகளிடம் தவணையில் வசூலிக்கும் திட்டம். இதை நடத்துவது ரெக்லமேஷன் துறை. அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இரண்டு விஷயங்களைச் சொன்னது: தண்ணீர் உரிமை மாநிலச் சட்டப்படி இருக்கும், அந்த உரிமை பாசனம் பெறும் நிலத்தோடு ஒட்டியிருக்கும். கிளாமத் திட்டம் 1905இல் ஒப்புதல் பெற்றது. அதே ஆண்டு, அந்தப் படுகையில் வேறு யாரும் உரிமை கோராத நீர் முழுவதையும் இந்தத் திட்டத்துக்காக எடுத்துக்கொள்வதாக அரசு அறிவிப்புப் பதிவு செய்தது. ஆக, கிளாமத் விவசாயியின் வரிசை எண் 1905. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வருவது பாசன மாவட்டம். மாவட்டம் என்றதும் கலெக்டர் அலுவலகத்தை நினைக்க வேண்டாம். ஒரு பகுதி நில உரிமையாளர்களுக்காகச் சட்டப்படி அமைந்த உள்ளூர் அமைப்பு இது. தேர்தலில் வந்த வாரியம் இருக்கும், நிலத்தின் மேல் வரி போடும், கடன் பத்திரம் வெளியிடும், கால்வாயைப் பராமரிக்கும். கலிஃபோர்னியாவின் 1887ஆம் ஆண்டு ரைட் சட்டம் இதற்கு ஒரு முன்மாதிரி. ஆரம்பத்திலேயே இதை எதிர்த்தும் வழக்கு வந்தது. எனக்கு வேண்டாத கால்வாய்க்கு என் நிலத்தில் எதற்கு வரி என்று நில உரிமையாளர்கள் கேட்டார்கள். வறண்ட நிலத்துக்கு நீர் கொண்டுவருவது பொதுப் பயன்தான் என்று 1896இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அன்று முதல் மேற்கு மாநிலங்களெங்கும் பாசன மாவட்டங்கள் பெருகின.

சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான். தொடக்கத்தில் விவசாயியோடு நேரடியாக ஒப்பந்தம் போட்ட அரசு, பிறகு பாசன மாவட்டங்களோடு மொத்தமாகப் போட ஆரம்பித்தது. கிளாமத் பாசன மாவட்டத்தின் ஒப்பந்தம் 1954, டூலிலேக் மாவட்டத்துடையது 1956. ஒரு பக்கம் அரசு, மறுபக்கம் மாவட்டம். உழுது பயிரிடுகிறவர் கையெழுத்து அதில் இல்லை.

கையெழுத்து இல்லாதவர் வழக்குப் போடலாமா? கிளாமத்தில் இந்தக் கேள்வி ஓர் அணையை வைத்து வந்தது. ஏரியின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் லிங்க் ரிவர் அணையைக் கட்டிய மின் நிறுவனத்துக்கும் அரசுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. அது எங்கள் நன்மைக்காகப் போட்டதுதானே, அதை நிறைவேற்றச் சொல்ல எங்களுக்கு உரிமை உண்டு என்று பாசனக்காரர்கள் வாதாடினார்கள். 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. ஓர் ஒப்பந்தத்தால் உங்களுக்குப் பலன் வரலாம்; அதனால் மட்டும் அது உங்கள் ஒப்பந்தம் ஆகிவிடாது.

கலிஃபோர்னியாவின் வெஸ்ட்லாண்ட்ஸ் மாவட்டத்தில் இதே கதை இன்னும் கடுமையாக முடிந்தது. 1963இல் அரசோடு நீர் ஒப்பந்தம் போட்ட மாவட்டம் அது. 1993இல் மீன்களைக் காக்க வேண்டியிருந்ததால் ரெக்லமேஷன் துறை அவர்களுக்கான நீரைப் பாதியாகக் குறைத்தது. மாவட்டம் வழக்குப் போட்டு, பிறகு தன் பங்குக்கு விலகிக்கொண்டது. விலகாத சில விவசாயிகள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அரசு தானாக ஒத்துக்கொண்டால் ஒழிய அரசு மேல் வழக்குப் போட முடியாது என்பது அங்கே அடிப்படை விதி. 1982ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் அந்த ஒப்புதல் இருக்கிறது என்றார்கள் விவசாயிகள். 2005இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது இதுதான்: வேறு இருவர் வழக்காடும்போது அரசையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளத்தான் அந்தச் சட்டம் இடம் தருகிறது, அரசை மட்டும் தனியாக இழுத்துவர அல்ல. தண்ணீர், மீன், பயிர் எதைப் பற்றியும் பேசாமல் வழக்கு முடிந்தது. வாசல்படியிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சரி, வாசலைத் தாண்டிவிட்டால்? உள்ளே பற்றாக்குறைப் பிரிவு காத்திருக்கும். பாசன ஒப்பந்தங்கள் பலவற்றில் இது உண்டு. வறட்சியாலோ வேறு காரணங்களாலோ நீர் குறைந்தால் அரசு பொறுப்பேற்காது என்பது அதன் சாரம். வேறு காரணங்கள் என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். கையெழுத்துப் போட்ட காலத்தில் எல்லோரும் மனதில் நினைத்திருப்பது மழை பொய்ப்பதும் கரை உடைவதும்தான். ஆனால் 1973இல் வந்த அழியும் உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் ஒரு வேறு காரணமே என்று 1995இல் வெஸ்ட்லாண்ட்ஸ் நீர் பற்றிய வேறொரு வழக்கில் நீதிமன்றம் படித்தது. கிளாமத்திலும் இந்தப் பிரிவு ஆள் கழித்தது. 1911ஆம் ஆண்டு வாரன் சட்டத்தின்படி திட்டத்தின் உபரி நீரை வாங்க ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள், அந்த ஒப்பந்தத்தின் வாசகத்தாலேயே வழக்கிலிருந்து வெளியேறினார்கள். அரசின் பொறுப்புக்கு விலக்களிக்கும் வரியில் தாங்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. அரசு இரண்டு வேடம் போடுகிறது: ஒப்பந்தக்காரர் ஒன்று, சட்டம் செய்பவர் இன்னொன்று. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டம் வந்து, அதனால் தன் ஒப்பந்தம் ஒன்று நிறைவேறாமல் போனால் அதை ஒப்பந்த மீறல் என்று சொல்ல முடியாது என்பது அரசின் வாதம். 2007இல் கிளாமத் வழக்கில் கீழ் நீதிமன்றம் இதை ஏற்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனால் முழு விசாரணைக்கு வந்தபோது விவசாயிகள் தரப்பு சொத்துரிமையைத்தான் முன்னால் வைத்தது. என் கணிப்பில் அது புத்திசாலித்தனம். ஒப்பந்தம் என்பது எழுதும்போதே ஓட்டை வைத்து எழுதக்கூடிய விஷயம். எழுதுகிறவர் அரசின் வழக்கறிஞர் என்றால் ஓட்டை யார் பக்கம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொத்து என்றால் கதை வேறு. இழப்பீடு கொடுக்காமல் தனியார் சொத்தைப் பொதுப் பயனுக்கு எடுக்கக் கூடாது என்கிறது அமெரிக்க அரசமைப்பின் ஐந்தாம் திருத்தம். அப்படியானால் தண்ணீர் விவசாயியின் சொத்தா? இதில் விவசாயிகளுக்குப் பழைய பலம் இருந்தது. 1937இல் வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா திட்டம் பற்றிய வழக்கில், அரசு தண்ணீரைக் கொண்டுவந்து பகிர்ந்து கொடுக்கும் வேலையைத்தான் செய்கிறது, உரிமை நிலக்காரருடையது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1983இல் நெவாடா வழக்கில் அரசின் உடைமை பெயரளவில்தான் என்று மறுபடியும் சொன்னது. ஆற்றிலிருந்து வயல்வரை ரெக்லமேஷன் துறை ஒரு சுமைகூலி, அவ்வளவுதான்.

அது மட்டுமல்ல. கிளாமத் மதகு மூடிய மூன்றே வாரத்தில், 2001 ஏப்ரல் 30இல், கலிஃபோர்னியாவின் டுலாரி ஏரிப் படுகை விவசாயிகளுக்கு அபாரமான தீர்ப்பு ஒன்று கிடைத்தது. 1992 முதல் 1994 வரை மீன்களுக்காக நிறுத்திய நீர், அரசு கையகப்படுத்திய சொத்து, எனவே இழப்பீடு கொடு என்றது கூட்டரசு உரிமைகோரல் நீதிமன்றம். கடைசியில் அரசு 1.67 கோடி டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. கிளாமத்தில் அந்த ஏப்ரலில் எத்தனை பேர் இந்தச் செய்தியைப் படித்து நம்பிக்கை வைத்திருப்பார்கள்!

அந்தக் கோடையில் ஊர் கொதித்தது. மே 7ஆம் தேதி கிளாமத் ஃபால்ஸ் நகரின் தெருவில் பல்லாயிரம் பேர் வரிசையாக நின்று, ஏரி நீரை வாளி வாளியாகக் கைமாற்றி, திட்டத்தின் முதன்மைக் கால்வாயான ஏ-கால்வாயில் கொண்டுபோய் ஊற்றினார்கள். ஐம்பது மாநிலங்களுக்கும் ஒன்றாக ஐம்பது வாளி. வயலுக்குப் போதுமா என்றால் போதாது, படத்துக்குப் போதும். ஜூலையில் கூட்டம் கால்வாயின் தலைமதகை வலுக்கட்டாயமாகத் திறந்தது. அரசு ஆட்கள் மூட, மறுபடி திறந்தார்கள். உள்ளூர் போலீஸ் கைகட்டி நின்றது. கூட்டரசு மார்ஷல்கள் வந்து காவல் நின்றார்கள். ஜூலைக் கடைசியில் உள்துறைச் செயலர் கேல் நார்ட்டன் ஏறத்தாழ 70,000 ஏக்கர் அடி நீர் விட உத்தரவிட்டார். நம் கணக்கில் சுமார் 3 டி.எம்.சி. பயிருக்கு அது காலம் கடந்த நீர்.

அடுத்த ஆண்டு விவசாயிகளுக்குத் தண்ணீர் கிடைத்தது. 2002 செப்டம்பரில் ஆற்றின் கீழ்ப்பகுதியில் குறைந்தது 33,000 சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. அங்கே கரையில் வாழ்வது யூரோக் மக்கள். அவர்களுக்குச் சால்மன்தான் சோறு. ஒருவர் கணக்கில் மிச்சமானது இன்னொருவர் கணக்கில் நஷ்டமாக எழுதப்பட்டது.

வழக்குக்கு வருவோம். 2005இல் முதல் தீர்ப்பு விவசாயிகளுக்கு எதிராக வந்தது. உங்களிடம் இருப்பது ஒப்பந்த உரிமை, சொத்து இல்லை என்றார் கூட்டரசு உரிமைகோரல் நீதிமன்றத்தின் நீதிபதி அலெக்ரா. டுலாரி தீர்ப்பே தவறாகத் தெரிகிறது என்றும் போகிற போக்கில் சொல்லிவிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு நல்ல காரியம் செய்தது. இது ஓரிகன் மாநிலச் சட்டம் சம்பந்தப்பட்டது, அதை அவர்களே சொல்லட்டும் என்று கேள்விகளை ஓரிகன் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2010இல் பதில் வந்தது: ஆவணத்தில் உரிமைப் பெயர் அரசுடையதாக இருக்கலாம்; நீரைப் பயன்படுத்திப் பயிர் செய்யும் நிலக்காரருக்கு அதில் அனுபவ உரிமை இருக்க முடியும். வேறு ஒப்பந்தத்தால் அதை விட்டுக்கொடுத்திருந்தால்தான் பிரச்சினை. விவசாயிகளுக்கு இது பெரிய வெற்றி. 2016இல் இன்னொன்றும் சேர்ந்தது. மதகை மூடியது நீரின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் செயலா, நீரையே எடுத்துக்கொண்ட செயலா என்ற கேள்வியில், எடுத்துக்கொண்டதாகவே பார்க்க வேண்டும் என்றார் அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஹார்ன். ஒழுங்குபடுத்தல் என்றால் தராசில் வைத்து நிறுப்பார்கள். எடுத்துக்கொள்வது என்றால் நேராக இழப்பீட்டுக் கணக்குதான்.

இங்கே நிறுத்திக் கேட்டால் விவசாயிகள் ஜெயித்துவிட்டார்கள் என்றே யாரும் சொல்வார்கள். 2017 செப்டம்பரில் அதே நீதிபதி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதினார்.

காரணம் 1864. அந்த ஆண்டு கிளாமத், மோடோக், யஹூஸ்கின் மக்கள் அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு 2 கோடி ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் கொடுத்துவிட்டு, தங்களுக்கென ஒதுக்கிய நிலமான ஒதுக்கிடத்தில் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் சேகரிக்கவுமான உரிமையை வைத்துக்கொண்டார்கள். 1954இல் அரசு அந்த ஒதுக்கிடத்தையே சட்டம் போட்டுக் கலைத்தது. இருந்தும் மீன்பிடி உரிமையும் அதற்கு வேண்டிய நீர் உரிமையும் சாகவில்லை என்று 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த நீருக்குத் தேதி 1864கூட இல்லை, நினைவுக்கு எட்டாத காலம் என்றது. கீழே யூரோக், ஹூப்பா பள்ளத்தாக்கு மக்களின் ஒதுக்கிடங்களும் 1905க்கு முந்தியவை. மீன்பிடி உரிமை என்று எழுதிவிட்டு மீன் நீந்தத் தண்ணீர் இல்லை என்றால் அந்த உரிமைக்கு என்ன பொருள்?

முதலில் வந்தவருக்கு முதல் தண்ணீர். இந்த விதியின் மேல்தான் விவசாயிகளின் சொத்துரிமையே நிற்கிறது. அதே விதிப்படி அவர்களுக்கு முன்னால் இந்தப் பழங்குடிகள் வரிசையில் நிற்கிறார்கள். 2001இல் ஏரியிலும் ஆற்றிலும் நிறுத்திவைத்த நீர் அவர்கள் பங்குக்குள் அடங்குவது. அந்த நீர் கிளாமத் விவசாயிக்குச் சேர வேண்டிய முறையே வரவில்லை. வராத முறையை யாரும் பறித்திருக்க முடியாது. பழங்குடிகளின் பங்கு எத்தனை ஏக்கர் அடி என்று அப்போது அளந்து முடிக்கவில்லையே என்றார்கள் விவசாயிகள். அளந்து முடியும்வரை மீன் காத்திருக்க வேண்டியதில்லை என்ற பொருளில் 2019 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்தது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

சட்டப்படி இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1864இல் உடன்படிக்கை போட்டதும், அதே ஏரி நீரை 1905இல் திட்டம் போட்டுப் படைவீரனின் பத்திரத்தில் எழுதிக் கொடுத்ததும் ஒரே அரசு. ஒரே தண்ணீரை 41 ஆண்டு இடைவெளியில் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்தவர் யாரோ, அவர் மேல் பத்தொன்பது ஆண்டு வழக்கில் ஒரு டாலர் பொறுப்பும் விழவில்லை. பழங்குடிகளும் ஜெயித்தோம் என்று கொண்டாட முடியாது. ஏரியில் அழியும் நிலையிலிருந்த அந்த இரண்டு இனங்களில் ஒன்றான, சுவாம் என்று அவர்கள் அழைக்கும் மீனைப் பிடிப்பதை 1986லேயே அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள். பிடிக்கும் அளவுக்கு மீன் இல்லை.

அரசே குறுக்கே இல்லாமல் மாவட்டத்துக்கும் விவசாயிக்கும் நேரடியாகவும் இந்தச் சண்டை வரும். கலிஃபோர்னியாவின் தென்கோடியில் இம்பீரியல் பாசன மாவட்டம் ஆண்டுக்கு 31 லட்சம் ஏக்கர் அடி கொலராடோ ஆற்று நீருக்கு உரிமையுள்ளது. 135 டி.எம்.சி. என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரைப் பங்கிட 2013இல் மாவட்டம் போட்ட திட்டத்தில், மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகு மிஞ்சுவது விவசாயத்துக்கு என்று இருந்தது. தண்ணீர் எங்கள் சொத்து என்று ஒரு விவசாயக் குடும்பம் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தியது: விவசாயிக்கு உள்ளது தண்ணீர் பெறும் சேவைக்கான உரிமை, நீரின் உரிமையை மாவட்டம் எல்லோருக்காகவும் அறக்கட்டளை போல வைத்திருக்கிறது. ஆனாலும் விவசாயத்தை அப்படிக் கடைசிக்குத் தள்ளியது தவறு என்றும் சொன்னது. இரண்டு தரப்புக்கும் பாதிப் பாதி.

2021இல் மறுபடி வறட்சி. ஏ-கால்வாய் அந்தப் பருவம் முழுக்க மூடியே இருக்கும் என்று மே மாதம் அறிவித்தார்கள். 1907இல் தண்ணீர் ஓடத் தொடங்கிய கால்வாய். தலைமதகின் பக்கத்தில் இரண்டு விவசாயிகள் இடம் வாங்கிக் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். 2001 போல மதகு உடையுமோ என்று பலரும் பயந்தார்கள், உடையவில்லை. 2024இல் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை இடித்து முடித்தார்களே, அதனால் இந்தச் சண்டை தீர்ந்திருக்குமே என்று சிலர் கேட்பதுண்டு. அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. பாசன மதகுகள் அப்படியேதான் இருக்கின்றன.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அளந்து முடிக்கவில்லை என்றார்களே, அந்த அளவைப் பணியை ஓரிகன் மாநிலம் 1975இல் தொடங்கியது. 2013 மார்ச்சில்தான் ஆணை வந்தது. பழங்குடிகளின் நீர் நினைவுக்கு எட்டாத காலத்துடையது, கிளாமத் திட்டத்தின் நீர் 1905ஆம் ஆண்டுடையது என்று வரிசை உறுதியானது. அந்த ஆண்டும் மழை குறைவு. ஜூன் மாதம் பழங்குடிகள் தங்கள் பங்கைக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். கூடவே கிளாமத் திட்டத்து விவசாயிகள் தரப்பும் தங்கள் பங்கைக் கேட்டது. ஏரிக்கு மேலே, வரிசையில் பின்னால் நிற்கும் மாட்டுப் பண்ணைக்காரர்கள் இருக்கிறார்கள். மாநில நீர் அதிகாரிகள் வண்டியில் போய் அவர்கள் மதகுகளை ஒவ்வொன்றாக மூடினார்கள்.